ரூட் வேண்டாம், கேபிள் போதும்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் பஸ் வந்துவிடும். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் புதிய போனில் நீ கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் செயலிகள் மேல் உனக்கு வந்த கோபம் முழுக்க நியாயமானது. உன் சம்பளத்தில் நீ வாங்கிய பொருள் அது. அதில் யாரோ வைத்த விளையாட்டு, யாரோ வைத்த கடன் செயலி, ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொரு பிரவுசர், பூட்டிய திரையில்கூட விளம்பரம். நீக்கலாம் என்று அழுத்திப் பிடித்தால் அதற்கான வழியே காட்டுவதில்லை. அலுவலக நண்பர் ஒருவர், அரை மணி நேரத்தில் ரூட் செய்து, அதாவது போனின் முழு உரிமையையும் எடுத்து, எல்லாவற்றையும் துடைத்துத் தருவதாகவும், பிடிக்காவிட்டால் அன்ரூட் செய்து பழையபடி ஆக்கிவிடலாம் என்றும் சொன்னதாக எழுதியிருந்தாய். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பழையபடி ஆக்கிவிடலாம் என்கிறாரே, அது இன்றைய போன்களில் அவ்வளவு எளிதாக நடக்காது. கடையில் இத்தனை வருடம் போன்களைத் திறந்து மூடியவன் என்ற முறையில் அதை உனக்கு விளக்காமல் விட எனக்கு மனமில்லை.

முதலில், அந்தச் செயலிகள் ஏன் வருகின்றன? குறைந்த விலைப் போனில் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. 2018இல் ஷாவ்மி நிறுவனம், வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. மீதி வருமானம் விளம்பரத்திலிருந்தும் இணையச் சேவைகளிலிருந்தும் வருகிறது. செயலி நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தங்கள் செயலியைப் போனுக்குள் ஏற்றுகின்றன. விலையில் நமக்குக் குறைந்த தொகையை நம் கவனத்திலிருந்தும் நம் தகவல்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது வெறும் தொந்தரவோடு நிற்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் விற்ற ப்ளூ என்ற பிராண்டின் மலிவு விலைப் போன்களில், அடப்ஸ் என்ற சீன நிறுவனத்தின் மென்பொருள், பயனரின் குறுஞ்செய்திகளை முழுதாக எடுத்து 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவிலுள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. போனை அப்டேட் செய்வதற்கென்று வைத்த மென்பொருள் அது. அப்புறம் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களின் போன்களிலிருந்து நிறுவனமே முன்கூட்டி ஏற்றிவைத்த 82,000க்கும் அதிகமான செயலிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். சாதாரணச் செயலிக்குக் கிடைக்காத அனுமதிகள் இவற்றுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகின்றன என்பதும், பின்னால் இருக்கும் கூட்டாளி நிறுவனங்கள் யாரென்று பயனருக்குத் தெரிவதே இல்லை என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டன. ஆகவே நீ நீக்க நினைப்பது சரி. எப்படி நீக்குவது என்பதில்தான் நான் குறுக்கே நிற்கிறேன்.

ஆண்ட்ராய்டு, லினக்ஸின் மேல் கட்டியது. அதில் ஒவ்வொரு செயலியும் தனிப் பயனர். பல குடித்தனங்கள் இருக்கும் வளவு வீடு போல, ஒரு போர்ஷனில் இருப்பவர் அடுத்த போர்ஷனைத் திறக்க முடியாது. எல்லாப் போர்ஷனுக்கும் சாவி வைத்திருப்பவர் ரூட். நம் போனில் அந்தச் சாவி நம்மிடம் கிடையாது. அதைப் பெறுவதைத்தான் ரூட் செய்வது என்கிறோம். வாங்கிவிட்டால் நீ எந்தச் செயலிக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறாயோ, அதுவும் எல்லாக் கதவையும் திறக்கும். வங்கிச் செயலியின் கதவும் அதில் சேர்த்தி.

நீ பள்ளியில் படித்த காலத்தில் நானே எத்தனையோ போன்களை ரூட் செய்து கொடுத்திருக்கிறேன், அதை மகிழ்ச்சியாகவும் செய்தேன். அன்று அதற்குத் தேவை இருந்தது. போனின் உள்நினைவகம் நான்கு ஜிபி இருக்கும், அதில் பாதியை நிறுவனமே எடுத்துக்கொள்ளும். செயின்ஃபயர் என்ற புனைபெயரில் ஒரு நெதர்லாந்துக்காரர் எழுதிய, ரூட் உரிமையைக் கையாளும் சூப்பர்எஸ்யூ செயலி எங்கள் கடைக் கணினியில் எப்போதும் இருக்கும். 2016இல் ஜான் வூ என்ற இளைஞர் மாஜிஸ்க் என்ற ரூட் கருவியைக் கொண்டுவந்தார். ஆண்ட்ராய்டு இருக்கும் சிஸ்டம் பகுதியைத் தொடாமல், போன் எழும்போது முதலில் ஏறும் பூட் இமேஜை மட்டும் திருத்தி ரூட் பெறுகிற அந்த யோசனையைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அசந்துபோனோம். அதே ஜான் வூ 2021இல் கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு, வங்கிச் செயலிகளிடமிருந்து ரூட்டை மறைக்கும் வசதி மாஜிஸ்கிலிருந்து எடுக்கப்பட்டது. காலம் எந்தப் பக்கம் திரும்பியது என்று அதிலேயே தெரிகிறது.

இன்று உன் போனை ரூட் செய்தால் என்ன நடக்கும்? முதல் வேலை, போனை எழுப்பும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறப்பது, அதாவது அன்லாக் செய்வது. அந்த நொடியே போனிலுள்ள எல்லாம் அழிந்துவிடும். படம், செய்தி, எதுவும் மிஞ்சாது. அதன் பிறகு ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் பூட்டில்லாத போன் என்ற எச்சரிக்கை திரையில் நிற்கும். போன் திருத்தப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தோற்கும். அதைப் பார்த்து வேலை செய்யும் வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் பல நேரங்களில் திறக்கவே மறுக்கும். உன் வாடகை, பால் கணக்கு, அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்தப் போன் வழியாகத்தான் போகிறது. மாதத்தின் முதல் தேதியில் அது மறுத்தால் என்ன செய்வாய்? நிறுவனம் அனுப்பும் பாதுகாப்பு அப்டேட்டுகளும் வழக்கம்போல ஏறாது. ஒவ்வொன்றையும் கையால் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் கொடுத்து என்ன கிடைக்கும் என்று பார். இடம் மிச்சமாகும் என்று நினைக்கிறாய் அல்லவா? பெரிதாக ஆகாது. நிறுவனம் வைத்த செயலிகள் சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன. உன் படங்களும் பதிவிறக்கங்களும் டேட்டா பகுதியில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சுவர் உண்டு. அங்கே அழித்தால் அங்கேதான் காலியாகும், உன் பக்கம் பெரிதாக ஒன்றும் கூடாது. போதாததற்கு, ஆண்ட்ராய்டு 10 முதல் பெரும்பாலான போன்களில் சிஸ்டம் பகுதியை ரூட் இருந்தாலும் எழுத முடியாதபடிதான் அமைக்கிறார்கள். அதனால் ரூட் செய்தவர்களும் இப்போது அந்தச் செயலிகளை உண்மையில் அழிப்பதில்லை, மாஜிஸ்கில் மாட்யூல் என்ற ஒரு சிறு இணைப்பை வைத்து மறைத்துத்தான் வைக்கிறார்கள். மறைப்பதற்கு ரூட்டே தேவையில்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இனி அன்ரூட். சூப்பர்எஸ்யூவில் முழு அன்ரூட் பொத்தான் இருந்தது, மாஜிஸ்கிலும் முழுமையாக நீக்கும் வழி இருக்கிறது. அழுத்தினால் ரூட் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பூட்லோடர் திறந்தே இருக்கும். எச்சரிக்கை அப்படியே நிற்கும், வங்கிச் செயலி இன்னமும் சந்தேகப்படும். உண்மையாகவே பழைய நிலைக்குப் போக வேண்டுமானால், உன் மாடலுக்கே உரிய அசல் ஃபர்ம்வேரை, அதாவது நிறுவனத்தின் முழு மென்பொருளைத் தேடி எடுத்துப் போனில் எழுத வேண்டும், அதைத்தான் ஃபிளாஷ் செய்வது என்கிறோம். இப்போதிருப்பதை விடப் பழைய பதிப்பைப் போட்டால் பல போன்கள் ஏற்காது, சில செத்தே போகும். எல்லாம் அசலாக அமைந்த பிறகுதான் பூட்லோடரைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது போன் மறுபடியும் ஒருமுறை துடைக்கப்படும். ஏதாவது ஒரு பகுதி திருத்தப்பட்டபடியே இருக்க, பூட்டிவிட்டால் போன் எழாது. அப்படிப் பூட்டிவிட்டுக் கடைக்கு வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னமும் மறக்கவில்லை. ஒரு கல்லூரி மாணவன், அப்பாவுக்குத் தெரியாமல் சரி செய்து தாருங்கள் என்று கெஞ்சினான். போர்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை, அந்தச் செலவுக்குப் புதுப் போனே வந்துவிடும்.

சாம்சங் போனில் இன்னும் ஒரு படி மேலே. உள்ளே நாக்ஸ் என்ற பாதுகாப்புக்கென்று மின்னணு ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாத மென்பொருளை ஃபிளாஷ் செய்தால் அது எரிந்துவிடும். எரிந்தால் எரிந்ததுதான். அசல் மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அந்தப் போனில் இனி வேலை செய்யாது.

போதும், இனி வழியைச் சொல்கிறேன். முதலில் செட்டிங்ஸில் போய் ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார். அன்இன்ஸ்டால் இல்லாத இடத்தில் பல நேரம் டிசேபிள் இருக்கும். ஆண்ட்ராய்டு 4.0 காலத்திலிருந்தே இருக்கிற வசதி இது, யாரும் கண்டுகொள்வதில்லை. டிசேபிள் செய்தால் செயலி இயங்காது, அறிவிப்பு அனுப்பாது, பட்டியலிலும் தெரியாது. உன் தொல்லையில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியாதவற்றுக்குத்தான் கேபிள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே, கேபிள் வழியாகக் கணினி போனுக்குக் கட்டளையிட அனுமதிக்கும் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, போனை உன் மடிக்கணினியில் இணைத்து, கூகுளே இலவசமாகக் கொடுக்கும் ஏடிபி கருவி மூலம் ஒரு கட்டளை கொடுத்தால் போதும். முதல் பயனருக்கு மட்டும் இந்தச் செயலியை நீக்கு என்பது அந்தக் கட்டளை. கோப்பு சிஸ்டம் பகுதியில் கிடக்கும், ஆனால் உன்னைப் பொறுத்தவரை அந்தச் செயலி போனில் இல்லை. இயங்காது, எதையும் படிக்காது. பூட்லோடர் பூட்டியபடியே இருக்கும், வங்கிச் செயலி முகம் சுளிக்காது, அப்டேட் வழக்கம்போல வரும். தவறாக எதையாவது எடுத்துவிட்டால், இருக்கும் செயலியைத் திரும்ப நிறுவு என்று இன்னொரு கட்டளை உண்டு. அதுவும் முடியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். திரும்பி வரும் வழி இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் உனக்கு இதைச் சொல்கிறேன். பெரிய அப்டேட் வந்தால் சில செயலிகள் மறுபடி தலைகாட்டலாம். அப்போது மறுபடி நீக்கினால் ஆயிற்று.

கட்டளையைக் கையால் அடிக்கத் தயக்கமாக இருந்தால், யுனிவர்சல் ஆண்ட்ராய்டு டிப்ளோட்டர் என்ற இலவச மென்பொருள் அதே வேலையைச் சுட்டி கொண்டு செய்யும். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வகை பிரித்தும் காட்டும். பரிந்துரைத்த வகையோடு நிறுத்திக்கொள். பெயரைப் பார்த்து ஊகித்து நீக்காதே. கூகுள் பிளே சர்வீசஸ், சிஸ்டம் யூஐ, போன் அழைப்புக்கான செயலிகள் ஆகியவற்றில் கை வைக்காதே. வேறு கீபோர்டு நிறுவாமல் இருக்கிற கீபோர்டை எடுக்காதே. சில ஷாவ்மி போன்களில், தொலைந்த போனைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் செயலியை நீக்கினால் போன் ஆன் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் யூஎஸ்பி டிபக்கிங்கை மறக்காமல் ஆஃப் செய். பொதுச் சார்ஜிங் இடங்களில் போனைச் செருகும் பழக்கம் உனக்கு உண்டு, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சொந்தப் போனிலிருந்து ஒரு செயலியை எடுக்க இவ்வளவு கற்க வேண்டியிருப்பது அநியாயம் என்று நீ கேட்பாய். அநியாயம்தான். 2022 அக்டோபரில் நம் நாட்டுப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் செயலிகளை மொத்தமாக வைத்தே தீர வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. மேல்முறையீட்டில் அபராதம் நிலைத்தது, ஆணையின் சில கட்டளைகள் மட்டும் ரத்தாயின. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பெரிய நிறுவனங்களின் செயலிகளைப் பயனர் எளிதாக நீக்க முடிய வேண்டும் என்கிறது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் முழுதாக வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கடைக்கு வரும் பெரியவர்கள், தெரியாமல் தட்டித் தட்டி ஏதோ கடன் செயலிக்குத் தங்கள் தொடர்பு எண்களையெல்லாம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் போய் ஏடிபி பற்றி எப்படிச் சொல்வேன்?

ரூட் செய்து பார்க்கும் ஆசை இருந்தால் அதை நான் தடுக்கவில்லை. உன் பழைய போன் அலமாரியில்தான் இருக்கிறது. அதற்கு நிறுவனம் அப்டேட் நிறுத்தி வெகு நாளாகிறது, சிம்மும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. பொங்கலுக்கு வரும்போது அதை அன்லாக் செய்து, மாஜிஸ்க் போட்டு, பிறகு முழுதாக அன்ரூட் செய்து, லீனியேஜ்ஓஎஸ் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டை ஏற்றிப் பார்ப்போம். அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று நான் முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன்.

புதுப் போனுக்கு வரும் ஞாயிறு காலையில் மடிக்கணினியோடு உட்கார். அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் ஒரு பிரதி எடுத்து வை. நீக்க நினைக்கும் செயலிகளின் பட்டியலைச் சனிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்து, எவற்றை எடுக்கலாம் என்று குறித்து, கட்டளை வரிகளையும் சேர்த்து அனுப்புகிறேன். ஓர் எழுத்து மாறினாலும் ஓடாது, அதனால் அப்படியே நகல் எடுத்து ஒட்டு. உன் நண்பருக்கும் என் நன்றியைச் சொல், இந்தக் கடிதத்தையும் காட்டு. கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுகிற மலிவு வகையாக இல்லாமல் டேட்டா போகிற கேபிளா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா