9999 போட்டும் மேலே வராத நாள்காட்டி

ஆசிரியருக்கு,

கார்த்திகை பிறந்தால் கன்னியாகுமரியில் ஐயப்ப சீசன். வெளியூர்க்காரர்கள் கைப்பேசியிலேயே அறை தேடுவார்கள். நம் மாவட்ட விடுதிகளின் இணையதளங்கள் சிலவற்றில், தேதியைத் தொட்டதும் விரியும் நாள்காட்டி அறைப் படங்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. உடனே, எது எதன் மேல் தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் (z-index) எண்ணை 100, 9999 என்று ஏற்றுகிறார்கள். நாள்காட்டி அசைவதில்லை.

காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பெட்டி எப்படி இடம்பிடிக்கும் என்று சொல்லும் பொசிஷன், இயல்புநிலையான ‘ஸ்டாட்டிக்’ ஆக இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது (ஃப்ளெக்ஸ், கிரிட் எனும் வரிசை, கட்ட அமைப்புப் பெட்டிகளின் நேரடிப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு). ‘ரிலேட்டிவ்’ என்று மாற்றினால் போதும்.

இரண்டாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாள்காட்டியைச் சுற்றியுள்ள தாய்ப்பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தல், சுழற்றல்), ஃபில்டர் (மங்கல் போன்ற விளைவு), 1-க்குக் குறைவான ஒபாசிட்டி (ஒளிபுகாத்தன்மை) இவற்றில் ஏதாவது இருந்தால், அது தனி அடுக்காகிவிடும். உள்ளே இருப்பவை தங்களுக்குள் மட்டுமே போட்டி போட முடியும். மருந்துவாழ்மலை அடிவாரத்தில் பத்து மாடி எழுப்பினாலும் உச்சியில் முளைத்த புல்லுக்குக் கீழேதானே! நாள்காட்டி இருக்கும் பதிவுப் படிவம் கீழிருந்து மிதந்து வருவதுபோல் அனிமேஷன் வைத்தவர்கள், முடிவில் ‘டிரான்ஸ்லேட்ஒய்(0)’, அதாவது மேல்கீழ் நகர்வு 0 என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ‘நன்’ (none) என்று முடிக்காதவரை அடுக்கு கலையாது. அறைப் படங்களுக்கும் அதே அனிமேஷன் இருந்தால் இரண்டும் ஒரே மட்டம். மட்டம் ஒன்றானால் நிரலில் பின்னால் எழுதப்பட்டது மேலே வரையப்படும். அதனால் எண்ணை நாள்காட்டிக்குக் கொடுக்காமல், படிவத்தின் தாய்ப்பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவும் இசட்-இண்டெக்ஸ் 1-ம் கொடுங்கள். எந்தத் தாய் என்று தெரியாவிட்டால், பிரவுசரின் டெவலப்பர் கருவியில் ஒவ்வொரு படியாக மேலேறி, இந்தப் பண்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடிபடும்.

நாள்காட்டி பாதியில் வெட்டுப்பட்டது போலத் தெரிந்தால் அது அடுக்குச் சிக்கலே அல்ல, பெட்டிக்கு வெளியே நீள்வதை வெட்டிவிடும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன். அதற்கு எந்த எண்ணும் உதவாது. திரை மூலையில் மிதந்து ‘பதிவு செய்’ பொத்தானை மறைக்கும் வாட்ஸ்அப் வட்டத்துக்கும் எண் சரியான தீர்வல்ல. பக்கத்தின் அடியில் 80 பிக்சல் இடம் விட்டால் கடைசிவரை தள்ளும்போது பொத்தான் வெளியே வந்துவிடும்.

தலைப்புப் பட்டைக்கு 10, மெனுவுக்கு 20, அறிவிப்புக்கு 30 என்று ஒரே இடத்தில் மாறிகளாக எழுதிவைத்தால் அடுத்து வருபவர் 99999 தேட வேண்டியிருக்காது. உறுதிப்படுத்தும் பெட்டிக்கு ‘டயலாக்’ குறியீட்டை ஷோமோடல் கட்டளை மூலம் திறப்பதே நல்லது. அது பிரவுசரின் உச்ச அடுக்கில் நிற்கும்; 2147483647 கொடுத்தாலும் சாதாரணப் பெட்டி அதைத் தாண்டாது.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் பொத்தான் வேலை செய்யவில்லையா? ஒபாசிட்டி 0 வைத்து மறைத்த திரை ஒன்று மேலே கிடந்து தொடுதலை வாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு விசிபிலிட்டி ஹிட்டனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர்கள் சிலர்,
நாகர்கோவில்