108 அழைப்பிலேயே முதலுதவி தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஒருநாள் காலை, சென்னையில் எங்கள் பகுதிப் பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் சிமென்ட் பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தார். ஓடிவந்தவர்களில் ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். வலிப்பு என்று நினைத்த இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். விட்டுவிட்டுக் குறட்டை போல ஓர் ஒலி எழவே, "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் அதை நம்பி நின்றேன். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வரக்கூடிய வெறும் திணறல்தான் அது என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். பெரியவர் பிழைக்கவில்லை.

இதயத் துடிப்பு நின்றால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கிவிடும். மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தமிழகத்தில் 2008-இல் தொடங்கிய 108 சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது என்றாலும், அண்ணா சாலையின் மாலை நெரிசலில் எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் அந்த நான்கு நிமிடங்களுக்குள் வந்துசேர முடியாது என்பதால், சிகிச்சை தொலைபேசியிலேயே தொடங்கியாக வேண்டும்.

அழைப்பை எடுப்பவர், இடத்தைக் கேட்டறிந்த கையோடு, "கூப்பிட்டால் விழிக்கிறாரா? மூச்சு சீராக இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் 'இல்லை' என்றால், போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நடுமார்பில் கைமேல் கை வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வைத்து, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை கூடவே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்ட்டியில் 1980-களின் தொடக்கத்திலிருந்தே இப்படிச் செய்கிறார்கள். இங்கும் ஓர் அழைப்புகூட விடுபடாமல் இது நடப்பதை அரசு உறுதிசெய்து, முதல் அழுத்தத்துக்கு எத்தனை விநாடிகள் ஆயின என்பதை மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும்.

உதவுபவருக்குச் சட்டத்தின் துணையும் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சாலை விபத்தில் உதவுபவரைக் காக்கிறது. பூங்காவில் விழுந்தவரின் மார்பில் கைவைப்பவருக்கு அது பொருந்தாது. விலா எலும்பு முறிந்தால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் வீணானதல்ல.

எங்கள் பூங்காவில் தினமும் காலையில் ஏராளமானோர் நடக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சி ஒரு பயிற்சியாளரையும் பயிற்சிப் பொம்மையையும் அனுப்பிவைத்தால், கற்றுக்கொள்ள நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.