ஒரே வாக்குச்சீட்டில் டிரம்ப்பும் 15 டாலர் கூலியும்

ஆசிரியருக்கு,

அமெரிக்க மாநிலங்களுக்குச் சிவப்பு (டிரம்ப்பின் குடியரசுக் கட்சி), நீலம் (ஜனநாயகக் கட்சி) என்று சாயம் பூசுபவர்கள் மிசௌரியின் 2024 நவம்பர் வாக்குச்சீட்டைப் பார்க்க வேண்டும். மேலே டிரம்ப்புக்கு 58 சதவீதம். அதே தாளில் கருக்கலைப்பு உரிமைக்கும், மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கும், சம்பளத்தோடு நோய் விடுப்புக்கும் 'ஆம்'. டிரம்ப் பெயருக்கு நேரே வட்டத்தை நிரப்பிய பேனாக்களில் பல கீழேயும் இறங்கியிருக்கின்றன.

இவர்களைக் குழம்பிப்போனவர்கள் என்பது எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கி, கூலி, கருக்கலைப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத்தான் வாங்க வேண்டுமா, என்ன?

2025 மே 1-இல் தொடங்கிய அந்த நோய் விடுப்பைக் குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் ரத்து செய்ய, ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு அது போயிற்று. அதற்கு 'ஆம்' போட்டவர்களில் அக்கட்சிக்கு வாக்களித்தவர்களும் நிறையப் பேர்.

– வாசகர், கோவை