திறமூலக் கைபேசி: எல்லை ஊர்களுக்கு என்ன வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பம், கூடலூர், போடி பக்கத்துக் கைபேசிக் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி: “கூகுள் இல்லாத போன் போட்டுத் தருவீங்களா?” கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, ஏலக்காய் வியாபாரிகள் உண்டு, கடன் செயலியில் மாட்டி அவமானப்பட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்குத் திறமூலக் கைபேசியில், அதாவது நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய மென்பொருள் ஓடும் போனில், என்ன இருக்க வேண்டும் என்று எழுதுவோர் குறைவு. கைபேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் அறிந்ததை எழுதுகிறோம்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் ஏற்கெனவே திறமூலம்தான். அதன் நிரலையும், அதற்கடியில் வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் நிரலையும் யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். மூடிக்கிடப்பவை இரண்டு: மேலே, பல செயலிகள் பின்னணியில் சார்ந்திருக்கும் கூகுளின் பிளே சர்வீசஸ்; கீழே, மோடம் (டவரோடு பேசும் பகுதி), கேமரா, வைஃபை சிப்புகளை ஓட்டும் ஃபெர்ம்வேர். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற திறமூல ஆண்ட்ராய்டு நின்றபோது அதன் தொடர்ச்சியாக வந்த லீனியேஜ்ஓஎஸ் போன்றவை மேலிருப்பதை மாற்றுகின்றன. கீழிருப்பதை அவற்றால் மாற்ற முடியாது. சிப் செய்த நிறுவனம் ஃபெர்ம்வேர் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டால், மேலே எவ்வளவு புதிய ஆண்ட்ராய்டு போட்டாலும் மோடத்தில் உள்ள ஓட்டை அப்படியேதான் இருக்கும். பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு போட்டதும் ‘இனிப் பயமில்லை’ என்று சொல்வது பாதி உண்மைதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். கேரளப் பள்ளிகளில் அம்மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான் பல ஆண்டுகளாக ஓடுகிறது. இடுக்கியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் அதில்தான் கணினி பழகுகிறார்கள். மடிக்கணினியில் முடிந்தது கைபேசியில் ஏன் முடியவில்லை? மடிக்கணினிகள் ஏறக்குறைய ஒரே முறையில் தொடங்குகின்றன. ஒரு பென்டிரைவில் போட்ட லினக்ஸ் நூறு வகைக் கணினியிலும் எழுந்துவிடும். கைபேசியில் அந்தப் பொதுமுறை இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குக்கூட வெவ்வேறு கெர்னல், சிப்புகளை இயக்க வெவ்வேறு டிரைவர் மென்பொருள் வேண்டும். ஆகவே “எந்த போனுக்கு வேண்டுமானாலும் போடலாம்” என்பது நடக்காது. வாங்குவதற்கு முன்பே, தான் போட நினைக்கும் மென்பொருளின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அந்த மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மாறினால் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம்.

பாதுகாப்பு என்று வரும்போது எங்கள் கணிப்பில் முதலில் கேட்க வேண்டியது பூட்லோடரைப் பற்றி. போன் எழும்போது முதலில் ஓடி, அடுத்து வரும் மென்பொருள் அசலா என்று கையொப்பம் பார்ப்பது அதுதான். வேறு மென்பொருள் போட அதைத் திறந்தாக வேண்டும். திறக்கும்போது உள்ளே இருக்கும் படம், தொடர்பு எல்லாம் அழியும். பெரும்பாலான மாடல்களில் புதியதைப் போட்டபின் மறுபடி பூட்ட வழியில்லை. தெரியாமல் பூட்டினால் போன் எழவே எழாது. டெட் ஆகி எங்களிடம் வருபவற்றில் இது ஒரு வகை. திறந்தபடியே விட்டாலோ, சில நிமிடம் போன் கையில் கிடைத்தவர் தொடக்க மென்பொருளை மாற்றி வைத்துவிடலாம். அந்த நேரத்தில் மாற்றியவருக்கு உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது, தரவு குறியாக்கத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். அடுத்த முறை உரிமையாளர் பின் நம்பரை அடிக்கும்போது அது களவு போகும். கூகுளின் பிக்சல் போன்றவற்றில் மட்டும் வேறு மென்பொருளின் சாவியைப் பதிந்து திரும்பப் பூட்டலாம். கிராஃபீன்ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு பிக்சலை மட்டும் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். பின் நம்பரை வரிசையாக ஊகித்துப் பார்ப்பதைத் தடுக்கும் தனிப் பாதுகாப்புச் சிப் இன்னொரு காரணம். பிக்சலின் விலை தோட்டக் கூலிக்கு எட்டாது. எட்டும் விலையில் வரும் போன்களிலும் இந்தத் திரும்பப் பூட்டும் வசதி வேண்டும். இதற்குப் புதிய சிப் எதுவும் தேவையில்லை, நிறுவனம் மனது வைத்தால் போதும்.

அடுத்தது, எல்லையோரத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது: பேச முடிகிறதா என்பது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியாகப் போகும் வோல்ட்இ இல்லையென்றால் அழைப்பே இல்லை. வோல்ட்இயை இயக்கும் பகுதி பல நிறுவனங்களில் அவர்களுடைய மூடிய மென்பொருளோடு பின்னிக்கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு போட்டால் இணையம் ஓடும், அழைப்பு போகாது. யூபிஐ செயலியைப் பதியும்போது சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அது போகாமல் “சரிபார்க்க முடியவில்லை” என்று நிற்பதற்கும் பல நேரம் இதே கோளாறுதான் காரணம்.

இந்தப் பக்கத்தில் பலரிடம் இரண்டு சிம் இருக்கும், ஒன்று தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம், ஒன்று கேரள வட்டம். மேட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டு சிம்மின் நெட்வொர்க் குறியீடு மாறிவிடும். உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் போய்ப் பல ஆண்டாகிறது; ஆனால் போனுக்கு அது தெரியாது. புதிதாகப் போட்ட மென்பொருளில் நம் நிறுவனங்களின் அமைப்புக் கோப்பு சரியாக இல்லையென்றால் அது வேறு வட்டத்தை வெளியூராக எண்ணி டேட்டாவை நிறுத்திவிடும். ரேஞ்ச் கோடு நிறைய இருக்கும், பக்கத்தில் ரோமிங்கைக் குறிக்கும் ‘ஆர்’ சின்னதாகத் தெரியும், ஒரு செய்தியும் வராது. அமைப்புகளில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கைத் திறந்துவிட்டால் தீரும். திறமூல மென்பொருள் செய்பவர்கள் இந்திய வட்டங்களை ஒரே நாடாகக் காட்டும் அமைப்பை முதலிலேயே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் போனில் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 முக்கியம். மலைச்சரிவில் தூரம் போவது அதுதான். ஜியோவுக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பெட்டியில் ‘4ஜி’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது.

2ஜியை அணைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 12 முதல் சில போன்களில் இருக்கிறது. 2ஜியில் போன்தான் தன்னை டவருக்கு நிரூபிக்கும். டவர் தன்னைப் போனுக்கு நிரூபிக்காது. அதனால்தான் போலி டவர் வைத்து மோசடிக் குறுஞ்செய்தி தள்ள முடிகிறது. நகரத்தில் இருப்பவர்கள் தயங்காமல் அணைத்துவிடலாம். ஆனால் தோட்டத்தின் சில மடிப்புகளில் ஏர்டெல், பிஎஸ்என்எல் 2ஜி மட்டுமே எட்டும். ஆகவே சிம் வாரியாகவும் இடம் வாரியாகவும் இதை அமைக்கும் வசதி வேண்டும். அணைத்திருந்தாலும் அவசர அழைப்பு 2ஜி வழியாகப் போகும் என்பதையும் அந்தத் திரையிலேயே தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

அவசரம் என்றதும் சொல்ல வேண்டியது: 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தொடர்பு அறுந்திருந்ததால் சேதி வெளியே வர விடிந்துவிட்டது. டவர் இல்லாத இடத்தில் எந்த போனும் பேசாது. ஆனால் எஃப்எம் வானொலி கேட்கும். பல போன்களில் அதற்கான சுற்று சிப்புக்குள்ளேயே இருந்தும் மென்பொருளில் அடைத்துவைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து வைக்கும்படி மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. திறமூலக் கைபேசியில் எஃப்எம் கட்டாயம் வேண்டும். அதுபோலவே பேரிடர் எச்சரிக்கையை டவரிலிருந்து ஒரே நேரத்தில் எல்லா போனுக்கும் அனுப்பும் செல் பிராட்காஸ்ட். வேறு மென்பொருள் போட்டபின் அமைப்புகளில் ‘அவசர எச்சரிக்கை’ பகுதி இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் மழைக்கால எச்சரிக்கை வராது.

கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உறவுக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாக அனுப்பிய கொடுமையை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண், அழைப்புப் பட்டியல், கோப்புகளைத் தொடக்கூடாது என்று விதித்தது. விதியை மதிக்காத செயலியை என்ன செய்வது? ‘அனுமதி கொடுத்தால்தான் ஓடுவேன்’ என்று அது அடம்பிடிக்கும். கிராஃபீன்ஓஎஸ்ஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: செயலிக்கு அனுமதி கிடைத்துவிட்டது போலவே தெரியும், ஆனால் நாம் தேர்ந்தெடுத்த எண்கள் மட்டும்தான் அதன் கண்ணில் படும். ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தொடர்புப் பட்டியல் காலி. கோப்புகளுக்கும் இதே முறை உண்டு. எந்தச் செயலிக்கு இணையம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்றும் தனித்தனியாக அமைக்கலாம். டார்ச்சுக்கும் விசைப்பலகைக்கும் இணையம் எதற்கு? கேமராவின் தரத்தைவிட இந்த இரண்டும் எங்களுக்குப் பெரிதாகப் படுகின்றன. ஒவ்வொரு திறமூலக் கைபேசியிலும் இவை வரவேண்டும்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, இன்னொரு ஆபத்து. அது குறுஞ்செய்தியைப் படித்து ஓடிபியை அனுப்பிவிடும். வெளியிலிருந்து செயலி நிறுவும் உரிமையை முழுவதும் பறிப்பது சரியல்ல. எஃப்-டிராய்டு போன்ற திறமூலக் கிடங்குகள் அந்த உரிமையில்தான் வாழ்கின்றன. வாட்ஸ்அப்புக்கு ‘நிறுவும் அனுமதி’யை மட்டும் எப்போதும் மறுத்து வைக்கலாம். அப்படி வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அக்சஸிபிலிட்டி (திரையைப் படித்துத் தானே இயக்கும் அனுமதி), அறிவிப்பு படிக்கும் அனுமதி ஆகியவற்றை ஆண்ட்ராய்டு 13 தடுக்கிறது. அந்தத் தடையை யாராவது நீக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடவும்.

விரல் ரேகைப் பூட்டு தோட்டத்தில் சரிவராது. ஈரம், கறை, தேய்ந்த ரேகை. மூன்று முறை தவறியதும் பூட்டையே எடுத்துவிடுகிறார்கள். ஆறு இலக்கப் பின் நம்பர், ஈரக் கையிலும் தவறாமல் பதியும் பெரிய எண்கள், இவை போதும். கைபேசியைப் பழுதுக்குக் கொடுக்கும்போது பின் நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும் என்பது பழுதுபார்க்கும் எங்களுடைய விருப்பமே. டிஸ்ப்ளே மாற்றியபின் தொடுதிரை, கேமரா, மைக் சோதிக்கத்தான் அது தேவைப்படுகிறது. சில நிறுவனங்களின் புதிய போன்களில் ‘ரிப்பேர் மோடு’ இருக்கிறது: உரிமையாளர் அதைப் போட்டுக் கொடுத்தால் காலியான போன் போலத் திறக்கும், படமும் செய்தியும் தெரியாது. இது எல்லாத் திறமூல மென்பொருளிலும் வேண்டும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பசை போட்டு ஒட்டியதைச் சூடு காட்டி நெம்பும்போது செல் வளைந்தால் தீப்பிடிக்கும். ஃபேர்ஃபோன் 5 என்ற போனில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். இந்தியாவில் அது நேரடி விற்பனைக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் பயனரே மாற்றக்கூடிய பேட்டரி விதியாகிறது. நமக்கும் அதே விதி வேண்டும்.

மைக், கேமரா, மோடத்தை மின்சாரமே போகாமல் துண்டிக்கும் சுவிட்சுகள், லினக்ஸ் போன்களான லிப்ரெம் 5இல் பக்கவாட்டிலும், பைன்போனில் பின்மூடிக்கு அடியிலும் உள்ளன. நல்ல வசதிதான், ஆனால் முதல் தேவை அல்ல.

தானே மென்பொருள் மாற்ற முனைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் *#06# அடித்து இரண்டு ஐஎம்இஐ எண்களையும் (போனின் தனி அடையாள எண்கள்) எழுதி வையுங்கள். குவால்காம் சிப்பானால் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஆகிய பகுதிகளையும், மீடியாடெக்கானால் என்விராம், என்விடேட்டா பகுதிகளையும் ரிகவரி (போனைச் சரிசெய்யத் தனியாக எழும் மென்பொருள்) வழியாக நகலெடுத்துப் போனுக்கு வெளியே வையுங்கள். இவை அழிந்தால் ஐஎம்இஐ சுழியமாகி நெட்வொர்க் போய்விடும். பெர்சிஸ்ட் போனால் சென்சார்கள் கெடும். வேறொரு போனின் நகலைப் போட்டுச் சரிசெய்வது ஐஎம்இஐ மாற்றும் குற்றமாகிவிடும். பழைய போன் வாங்கும்போது, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண் என்று 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது தடைசெய்யப்பட்டதா என்று தெரியும்.

கடைசியாக வங்கிகளிடம். இவ்வளவும் சரியாகச் செய்து, பூட்லோடரையும் திரும்பப் பூட்டிய போனைக்கூடப் பல வங்கிச் செயலிகள் மறுக்கின்றன. கூகுள் சான்று தந்த மென்பொருளா என்று மட்டும் பார்ப்பதுதான் காரணம். திருத்தம் வந்து ஆண்டுக்கணக்கான போன் அந்தச் சான்றோடு உள்ளே போகிறது, இந்த மாதத் திருத்தம் வரை போட்ட போன் வெளியே நிற்கிறது. ஆண்ட்ராய்டிலேயே வன்பொருள் சான்று முறை இருக்கிறது: பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவியால் கையொப்பமிட்ட மென்பொருள், எந்த மாதத் திருத்தம் என்று போனின் சிப்பே கையொப்பமிட்டுச் சொல்லும். நம்பகமான திறமூல மென்பொருள்களின் சாவிகளை ஏற்றுக்கொள்ளும்படி யூபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு வழிகாட்ட வேண்டும். அது நடக்கும்வரை திறமூலக் கைபேசி வைத்திருப்பவர் யூபிஐக்கென்று இன்னொரு போனையும் சுமக்க வேண்டியிருக்கும்; கூலிக்காரர் எவரிடமும் இரண்டு போனுக்குப் பணம் இல்லை.

இப்படிக்கு,
கைபேசி பழுதுபார்ப்போர் சிலர்,
கம்பம் – குமுளி.