மிஸ் தமிழ்நாடு பற்றிக் கேட்டிருந்தாயே

திருவிடைமருதூர்
ஐப்பசி 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. உடனே எழுதியிருப்பேன். நாலு நாளாக விடாத அடைமழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வீரசோழன் ஆற்றில் தண்ணீர் கரை தட்டிப் போகிறது. நம் வயலில் சம்பா நட்டு முப்பது நாள்தான் ஆகிறது, பயிர் முழுகிவிடுமோ என்று தம்பி ராத்திரியெல்லாம் மடையை வெட்டிவிட்டுக்கொண்டு நின்றான். நேற்று வெயில் முகம் காட்டியது, பயிரும் தலை தூக்கிவிட்டது. என் முட்டிவலி பற்றிக் கேட்டிருந்தாய். படியேறும்போதுதான் வலிக்கிறது, சமதரையில் இன்னும் உன்னை முந்திவிடுவேன்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். மிஸ் தமிழ்நாடு போட்டிக்குப் பேர் கொடுக்கப் போகிறேன் என்கிறாள், மகன் முறைக்கிறான், மருமகள் அழுகிறாள், நான் என்ன சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் டிரில் டீச்சராக நின்றவளிடம் கேட்கிறாய். பெண் பிள்ளைகள் நடப்பதையும் ஓடுவதையும் பார்த்தே காலம் கழித்தவள் நான். அதனால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். மிஸ் தமிழ்நாடு என்று ஒரே பட்டம் கிடையாது. அரசாங்கம் நடத்தும் போட்டியும் இல்லை. அந்தப் பேரை யார் வேண்டுமானாலும் பட்டையில் அச்சடித்துத் தோளில் போட்டுவிடலாம். எது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்க வேண்டும். ஃபெமினா மிஸ் இந்தியா 1964ல் தொடங்கியது. 2017ல்தான் அவர்கள் மாநிலத்துக்கு ஒரு பெண் என்று தேர்ந்தெடுத்து, அவர்களை மும்பை மேடையில் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே ஹரியானா பட்டத்தோடு வந்த மானுஷி சில்லர் மிஸ் இந்தியா ஆகி, அப்படியே மிஸ் வேர்ல்டும் ஆனார். 2024லிருந்து மிஸ் யுனிவர்ஸுக்கு இந்தியப் பெண்ணை அனுப்பும் உரிமை கிளாமானந்த் என்ற அமைப்பிடம் இருக்கிறது. அதற்கும் மாநில வாரியாகப் பட்டம் உண்டு. இந்த இரண்டு வழியிலும் வரும் தமிழ்நாடு பட்டம் அடுத்த படிக்கு ஏற்றிவிடும். மற்றவற்றில் பலதும் அந்த ஒரு ராத்திரியோடு சரி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண், நல்ல நீளம் தாண்டுபவள், மூன்று வருஷத்துக்கு முன் இப்படி ஒரு போட்டிக்குப் போனாள். பதிவுக்கு ஆறாயிரம் என்றார்கள். பிறகு நடை பழக்கவும் மேக்கப்புக்கும் என்று இருபத்தைந்தாயிரம். அவள் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். கடைசியில் மேடையேறிய அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பட்டம், நல்ல புன்னகை, நல்ல கூந்தல், நல்ல தோல் என்று. அந்தப் பட்டையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நீல சாட்டின் துணியில் தங்க எழுத்து ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் 'தமிழ்நாடு'வில் ஒரு எழுத்து உரிந்து, பசை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டப் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. உன் பேத்தியிடம் யாராவது பணம் கேட்டால், எதற்கு, எவ்வளவு, திரும்பி வருமா என்று எழுத்தில் வாங்கச் சொல். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கதை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1952ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டி நடந்தது. பட்டம் பின்லாந்தின் அர்மி குசேலாவுக்குப் போயிற்று. இந்தியா சார்பில் அந்த மேடையில் நின்றவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், அந்த வருஷ மிஸ் இந்தியா. அவர் பரதம் கற்றது யாரிடம் தெரியுமா? பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம்! பேர்பெற்ற நட்டுவனார் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகளைக் கட்டியவர். திருப்பனந்தாள் தாண்டி நாம் சைக்கிளில் போய், பசுபதீஸ்வரர் கோயில் வாசலில் டயர் பஞ்சராகி நின்றோமே, அதே பந்தநல்லூர்ப் பாணிதான். நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டத் தட்ட, முட்டி நடுங்க அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்த கால்கள் அந்த மேடையில் நடந்திருக்கின்றன. முதுகு எப்படி நிமிர்ந்திருக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிகிறது.

அதோடு, அப்போது அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. பதினைந்து வயதில் கட்டிடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தவர். பின்னாளில் கல்யாணமானவர்களும் தாய்மார்களும் மிஸ் யுனிவர்ஸில் கலந்துகொள்ளக் கூடாது என்றார்கள். அந்தத் தடையை 2023 போட்டியில்தான் எடுத்தார்கள், மறு வருஷம் வயது உச்சவரம்பையும் எடுத்தார்கள். இந்திராணி ஆட்டத்தை விடவில்லை. ஒடிசி நடனத்தை வெளியுலகுக்குக் கொண்டுபோனார், 1969ல் பத்மஸ்ரீ, நியூயார்க்கின் ஜூலியார்டில் ஆசிரியை, 1999ல் அங்கேயே காலமானார். அழகிப் பட்டம் அவர் வாழ்க்கையில் ஒரு வருஷம்தான். அந்த விகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் எப்போதும் இப்படி நினைத்தவள் இல்லை, உனக்கே தெரியும். 1996ல் பெங்களூரில் மிஸ் வேர்ல்ட் நடந்தபோது நாடே கொதித்தது. இடதுசாரிப் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தன, கலாசாரம் பேசியவர்களும் எதிர்த்தார்கள். நீச்சலுடைச் சுற்றை சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்தே இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆசிரியைகள் அறையில் யாரும் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. எதிர்ப்புக்குக் கையெழுத்து கேட்டு வந்தபோது நானும் போட்டேன். அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை. 94ல் சுஷ்மிதாவும் ஐஸ்வர்யாவும் வென்றபிறகு நம் கும்பகோணத்துக் கடைகளில்கூட முகக் கிரீம் எப்படிக் குவிந்தது என்று பார்த்தவள்தானே. கறுப்பாகப் பிறந்த பிள்ளைகள் பவுடர் அப்பிக்கொண்டு பிரேயருக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு அப்படியே இருக்கிறது.

என்னை மாற்றியது 2018. நம் திருச்சிப் பெண் அனுகிரீத்தி வாஸ். தமிழ்நாடு பட்டத்தோடு போய் ஜூன் 19ம் தேதி மிஸ் இந்தியா ஆனாள். வயது பத்தொன்பது, சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை. மாநில அளவில் ஓடிய தடகள வீராங்கனை என்று படித்ததும் நான் டிவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் நடையைப் பார்த்தேன். பாதம் தரையில் பதியும் விதம், இடுப்பு ஆடாமல் தோள் சமமாக நிற்கும் விதம், ஓடிப் பழகிய உடம்பு என்று சத்தியம் செய்வேன். வெற்றியா தோல்வியா, எது நல்ல ஆசிரியர் என்று கேட்டார்கள். தோல்விதான் என்றாள். ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளை வெளியே போக முடியாத ஊரில் வளர்ந்தேன் என்று அவள் ஒரு பேட்டியில் சொன்னதும் எனக்கு நம் கிரவுண்டு ஞாபகம் வந்தது. ரிலே ஓட்டத்தில் பேட்டன் வாங்கும் மூன்றாம் கை நீ, நாலாம் கை நான். மாவட்டப் போட்டிக்கு முதல் நாள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று உன் அப்பா உன்னைப் பாதிப் பயிற்சியில் கூட்டிப்போனார். மறுநாள் நீ வரவே இல்லை. உன் இடத்தில் ஓடிய பிள்ளை பேட்டனைக் கீழே போட்டுவிட்டாள். நாற்பத்தாறு வருஷமாக நாம் இதைப் பேசியதே இல்லை.

அந்த 2018 டிசம்பரில் சீனாவின் சான்யாவில் நடந்த மிஸ் வேர்ல்டில் அனுகிரீத்தி முதல் முப்பதுக்குள் வந்தாள். கிரீடம் மெக்சிகோவுக்குப் போயிற்று. காவிரிக் கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்த இடத்துக்கு ஒரு வழி திறந்தது, மாநிலத்துக்கு ஒருத்தி என்று வைத்ததால்தான். அந்த ஒரு மாற்றத்தை நான் மனதாரப் பாராட்டுவேன்.

எல்லாம் சினிமாவுக்குப் போகத்தானே என்று உன் மகன் சொல்வான். சில பேர் போகிறார்கள். 1999ல் மிஸ் சென்னை ஆன த்ரிஷா போனார், இருபது வருஷம் தாண்டியும் நிற்கிறார். அதில் என்ன குறை என்று அவனையே கேள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கூத்தாண்டவர் திருவிழாவையொட்டிச் சித்திரையில் விழுப்புரத்தில் திருநங்கையருக்கு மிஸ் கூவாகம் போட்டி நடக்கிறதே, அதற்கு எல்லா மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். ஒருமுறை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருவர், மடியில் பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டு, எய்ட்ஸ் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று தாளில் எழுதி வைத்ததை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். விழுப்புரம் வரும்வரை நான் அவருக்கு ஒப்பித்துப் பார்க்க உதவினேன்.

உன் பேத்தி போகட்டும். நீ அவளோடு போ, மகனை அனுப்பாதே. தோலை வெளுக்கச் சொல்லும் இடமாக இருந்தால் அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் எனக்குப் போன் போடு, நான் பேசுகிறேன். தினமும் முக்கால் மணி நேரம் ஓடச் சொல், தலையில் புத்தகம் வைத்து நடக்கிற வேலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா, தேர் பார்த்த மாதிரியும் இருக்கும், நானும் அவள் நடையைப் பார்ப்பேன்.

இந்தப் போட்டிகளில் உயரத்துக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதனால் அவளை அளந்து எழுது. செருப்பில்லாமல் சுவரோடு குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்கட்டும். கொண்டையை அவிழ்த்துவிடு, இல்லாவிட்டால் ஸ்கேல் தூக்கி நிற்கும். காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அள. சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்வரை குறைந்துவிடும்.

உன்
நாலாம் கை