டிரிப்ஸுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அரை மராத்தானுக்குப் பயிற்சி செய்யும்போது வரும் அசதிக்கு வைட்டமின் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாமா என்று நீ கேட்டதற்கு வருவதற்கு முன் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்து, அறைக்குள் சில அடிகள் நடக்கவும் வைத்துவிட்டார்கள். சித்திதான் பதறிப்போனார். "கத்தி பட்ட உடம்பு, பத்து நாளாவது படுக்க விடக் கூடாதா?" என்று செவிலியரிடம் வாக்குவாதமே செய்துவிட்டார். அவரைத் தேற்றுவதற்காக நான் சொன்ன ஒரு சேதி உனக்கும் பயன்படும்.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்து ஆராய்ந்தார்கள். நோய் நொடி இல்லாத அந்த ஐவருக்கும், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கான செய்தி. ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்து, வயதால் இழந்த திறனை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். இந்த வயதில் அரை மராத்தான் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்.

அம்மா இப்போது பால்கனி வரை தனியாக நடக்கிறார். வலி இருக்கிறது, ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

இனி உன் விஷயம். காலையில் எழும்போதே அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, பழைய வேகம் வரவில்லை, இரவில் உறக்கம் பாதியில் கலைகிறது, சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வருகிறது என்று எழுதியிருந்தாய். கூட ஓடுகிறவர்கள் வைட்டமின் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு புத்துணர்ச்சியோடு வருவதாகவும், நீயும் போகலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த டிரிப்ஸைவிட, அதற்கு முந்தைய பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகள்தான் எனக்குக் கவலை தந்தன. வாரா வாரம் தூரத்தைக் கூட்டுகிறாய். விடியும் முன் ஓடுவதற்காக உறக்கத்தை ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டாய்.

ஓட்டம் உடம்பைப் பலப்படுத்துகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதெல்லாம் செலவும் சிதைவும்தான். தசையில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் கரைகிறது. இறக்கத்தில் ஓடும்போது நீண்டபடியே இழுபடும் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உச்சத்துக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் ஆவது அதனால்தான். கரைந்த கிளைக்கோஜன் முழுமையாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில். நீ பலம் பெறுவது ஓடி முடித்த பிறகு, வீட்டில், கட்டிலில். அந்த வேலைக்கு உடம்புக்கு வேண்டிய நேரத்தை நீ கொடுக்கவில்லை. என் சிகிச்சை அறைக்கு வலியோடு வரும் ஓட்டக்காரர்களிடம் உறக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்கள் பதினொரு பேரை ஐந்திலிருந்து ஏழு வாரங்கள், இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. 16.2 வினாடி எடுத்த விரைவோட்டம் 15.5 வினாடிக்கு வந்தது, கூடையில் பந்து போடும் துல்லியம் ஒன்பது விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான், ஒப்பிடுவதற்கு வேறொரு குழுவும் கிடையாது. ஆனாலும் இவ்வளவு எளிய மருந்து இவ்வளவு தூரம் வேலை செய்ததைப் படித்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. மாலைக் காபியையும் கொஞ்சம் யோசி. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்கு உறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. இரண்டு மூன்று பெரிய கோப்பைகள் குடித்தால் அந்த அளவை எட்டிவிடலாம்.

டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்கள் தெம்பாக உணர்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பில் நீர் வற்றியிருந்தால் உப்புநீர் ஏறியதும் தெளிவு வரும். அதில் கலக்கும் மெக்னீசியம் உடம்பெங்கும் ஓர் இதமான வெப்பத்தைப் பரப்பும். வேலை வேலை என்று ஓடுகிற ஒருவர் ஒரு மணி நேரம் கண் மூடிச் சாய்ந்திருப்பதே பெரிய ஆறுதல். இந்தக் கலவைகளில் பெயர் பெற்றது அமெரிக்க மருத்துவர் மையர்ஸின் பெயரில் வழங்குவது. உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் முப்பத்து நான்கு பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மையர்ஸ் கலவை, மீதிப் பேருக்கு வைட்டமின் ஏதும் இல்லாத வெறும் உப்புக் கரைசல். இரண்டு தரப்பும் தேறியது. இரண்டுக்கும் இடையே புள்ளியியல் கணக்கில் வேறுபாடு தெரியவில்லை. 2009இல் வெளிவந்த இந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் அளவிலேயே ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். வாய் வழியாக ஒரு கிராமுக்கு மேல் போனால் குடல் பாதியைக்கூட உள்ளே எடுப்பதில்லை. ஊசி வழியாக ஏற்றினால் குடலைத் தாண்டிவிடலாம், உண்மைதான். ஆனால் சில மணி நேரத்துக்குள் சிறுநீரகம் மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பெரிய அளவுகள் ஆபத்தாகவே முடியலாம். டிரிப்ஸ் போடும் இடங்கள் எல்லாவற்றிலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்களா?

இதைவிட என்னைப் பாதித்தது 2009இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு. சுமார் நாற்பது இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் விழுங்கினார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை பயிற்சியால் கூட வேண்டும். அது மாத்திரை எடுக்காதவர்களுக்குத்தான் கூடியது. உழைக்கும் தசையில் உண்டாகும் ஆக்சிஜன் சார்ந்த வேதித் துகள்களை நாம் வெறும் கழிவென்று நினைத்திருந்தோம். 'ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இன்னும் வேண்டும், இன்னும் காப்பு வேண்டும்' என்று செல்லுக்குச் செய்தி சொல்வதும் அவைதான். அந்தத் துகள்களை அடக்கும் வைட்டமின் சி, இ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் அளவு மீறினால் அந்தச் செய்தியை அமுக்கிவிடுகிறது. 2014இல் நார்வேயில் செய்த ஆய்விலும் தசைக்குள் இந்தத் தடை தெரிந்தது, ஆனால் ஓட்டத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அஞ்சி நடுங்கத் தேவையில்லை. வியர்வை சிந்திச் சம்பாதித்ததை நாமே ஏன் மங்கச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வைட்டமின் சி-க்கு ஒரு நியாயமும் உண்டு. மராத்தான் வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் போன்றோர் அதை முன்கூட்டியே தொடர்ந்து எடுத்தபோது சளி பிடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண மக்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஐஸ் தொட்டியில் இறங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். போட்டிகள் அடுத்தடுத்து வரும் நாட்களில் வலி குறைய உதவும். எடைப் பயிற்சிக்குப் பின் தொடர்ந்து செய்தால் தசை வளர்வதைக் குறைக்கிறது. இப்போது உனக்குத் தேவையில்லை.

தேவையானது ரத்தப் பரிசோதனை. உண்மையான குறைபாடு இருந்தால் அதை நிரப்புவதைப்போலச் சிறந்த சிகிச்சை இல்லை. அங்கே வைட்டமின் அற்புதமே செய்யும். உன் வயதில், மாதவிடாய் தாறுமாறாகிப் பெருகும் காலத்தில், ஓடும் பெண்ணுக்கு முதல் சந்தேகம் இரும்புச்சத்துதான். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதே. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம், சோர்வும் அப்போதே தொடங்கியிருக்கலாம். நீண்ட ஓட்டம் ஓடிய மறுநாள் ரத்தம் கொடுக்காதே, ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஓட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்து விழுங்காதே. அந்த நேரத்தில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உள்ளே எடுப்பதைக் குறைத்துவிடும். சோதிக்காமல் நீயாக இரும்பு எடுப்பதும் வேண்டாம், மிஞ்சினால் அது ஈரலில் தங்கும்.

கூடவே பி12, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிடு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், புலால், பால், முட்டை எதையும் தொடாதவர்களுக்கும் பி12 குறையும். உடல் அதை உறிஞ்சவே முடியாதவர்களுக்கு ஊசி உயிர் காக்கும் மருந்து. வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், ஆனால் நிதானமாக. எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில், எலும்பு முறிவு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. முடிக்காக நீ பயோட்டின் எடுக்கிறாய் அல்லவா? அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல், தைராய்டு முடிவுகளையே அது புரட்டிக் காட்டும். பி6 அடங்கிய மாத்திரைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அளவுகளைக் கூட்டிப் பார். நீண்ட நாள் அதிகமாகப் போனால் நரம்பு பாதிக்கும், பாதம் மரத்துப்போகும். ஓடுகிறவள் நீ, ஷூ சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் மகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள். நீச்சல் குழுவில் எல்லோரும் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்றப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவளைப் போக விடாதே. பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ரத்தநாளத்தில் எதை ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை இவற்றுக்காக அல்லாமல் இருந்தால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி அது குற்றம். உள்ளே இருப்பது வெறும் வைட்டமினாக இருந்தாலும் அந்த முறையே தடை செய்யப்பட்டது. ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லாக்டி 2018இல் பதினான்கு மாதம் தடை பெற்றது இதே காரணத்துக்காகத்தான். தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் அவர் எடுக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் படத்தை அவரே சமூக ஊடகத்தில் போட்டதால் விசாரணை வந்தது. பொடிகளும் அப்படியே. பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சத்துப் பொருட்களைக் கொலோன் நகர ஆய்வகம் சோதித்தபோது, 94இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த கலப்பு இருந்தது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே எடுபடாது. உடம்புக்குள் எது போனாலும் பொறுப்பு வீராங்கனையுடையது.

அவளுக்கும் மருந்து உறக்கம்தான். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கும் பதின்ம வயது வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. விடியற்காலை நீச்சல், பகலில் பள்ளி, மாலையில் மறுபடி நீச்சல், இரவில் படிப்பு என்றால் அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சிகளையாவது தள்ளிவைக்கப் பயிற்சியாளரிடம் பேசு. அவள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா, மாதவிடாய் தவறுகிறதா என்பதையும் அருகில் உட்கார்ந்து கேள். செலவுக்கு ஈடாகச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான், அடுத்து எலும்பு தேயும்.

உனக்கு நான் சொல்வது இரண்டு வாரம். ஓட்டத்தை நிறுத்தாதே, வேகத்தையும் விடாதே. தூரத்தை மட்டும் பாதியாக்கு. பெரிய போட்டிக்கு முன் வீரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். விடியற்காலை ஓட்டத்தை மாலைக்கு மாற்றி, அலாரம் இல்லாமல் உறங்கு. இரண்டு வாரத்துக்குப் பிறகும் அசதி குறையவில்லை என்றால் பரிசோதனை முடிவுகளோடு மருத்துவரைப் பார்.

ஃபெரிட்டின் எண் வந்தவுடன் எனக்கு எழுது. மகளின் அடுத்த போட்டி எப்போது என்றும் எழுது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை அடுத்த மாதம் வருகிறாள், அந்த நாட்களில் போட்டி அமைந்தால் நான் நேரில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரிலே தோழி