கெபியில் பெர்னதெத்துக்கு ஓர் இடம்

கருமாத்தூர்,
தை 2

அன்புள்ள சவரிமுத்து,

உன் கடிதமும் கெபியின் வரைபடமும் கிடைத்தன. பிப்ரவரி 11 திருவிழாவுக்குள் லூர்து மாதா கெபியை, அந்தக் குகை வடிவக் கோயிலை, முடிக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் வரைபடத்தில் மாதா சுரூபம் (சிலை) நட்டநடுவில் இருக்கிறது. பிரான்சின் லூர்து ஊரில் மாதாவைக் காட்சியில் கண்ட பிள்ளை பெர்னதெத்துக்கு இடமே இல்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறாய். பிறகு வேண்டாம் சவரி, கொத்தனார் இருக்கும்போதே முடித்துவிடு.

லூர்தில் காட்சி நடந்த மசபியேல் பாறைக்கு எதிரே நின்று பார்த்தால், மாதா காட்சி தந்த மாடக்குழி வலது கைப் பக்கம் மேலே இருக்கும். குகை வாய் அதற்கு இடப்பக்கம் கீழே விரியும். ஊற்று உள்ளே இடது மூலையில். இந்த அமைப்பை அப்படியே வைத்தால்தான், கீழே இடப்பக்கம் மண்டியிட்ட பிள்ளை தலையை உயர்த்தி மாதாவைப் பார்க்கிற கோணம் சரியாக வரும். சுரூபம் நடுவில் நின்றால் பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பாள்?

பெர்னதெத் சுரூபம் வாங்கும்போது உடையைக் கவனி. கன்னியாஸ்திரி உடையில் இருப்பதை வாங்காதே. அவள் கன்னியாஸ்திரியாக நெவேர் நகர மடத்துக்குப் போனது 1866 ஜூலையில். காட்சி கண்ட 1858இல் அவள் பதினான்கு வயது ஏழைப் பிள்ளை. அப்பாவின் மாவு மில் நொடித்துப்போய், பழைய சிறைச்சாலையின் ஒற்றை அறையில் குடியிருந்த குடும்பம். காலராவில் பிழைத்தவள், ஆஸ்துமா வேறு. வளர்ந்த பிறகும் உயரம் 1.40 மீட்டர்தான். ஆகவே மண்டியிட்ட சுரூபம் மூன்றரை அடியைத் தாண்டக் கூடாது. பீடமும் வேண்டாம், தரையிலேயே வை. பக்கத்தில் இன்னொருவர் மண்டியிட நான்கடி இடம் விடு.

முதல் காட்சியை நினைத்துப் பார். விறகு பொறுக்கப் போன மூவரில் தங்கையும் தோழியும் குளிர்ந்த நீரைக் கடந்துவிட்டார்கள். ஆஸ்துமாவுக்குப் பயந்து இவள் பின்தங்கினாள். ஒரு காலுறையைக் கழற்றியதும் பெருங்காற்று வீசுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மரங்களில் ஓர் இலை அசையவில்லை; மாடக்குழிக்கு அடியில் இருந்த காட்டு ரோஜாச் செடி மட்டும் ஆடியது. செபமாலையை எடுத்தாள், சிலுவை அடையாளம் போடக் கை எழவில்லை. மாதா போட்ட பிறகுதான் இவளாலும் முடிந்தது. மாதா மணிகளை உருட்டினாலும் அருள்நிறை மந்திரத்துக்கு உதடு அசைக்கவில்லை. 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்ற திரித்துவப் புகழுக்கு மட்டும் சேர்ந்துகொண்டார். நவநாளில் (ஒன்பது நாள் செபத்தில்) செபமாலை சொல்லும்போது அந்த இடத்தில் எல்லோரும் தலை வணங்கச் சொல். சிலுவை அடையாளத்தை அவசரமாகப் போட வேண்டாம் என்றும் சொல்.

மூன்றாம் காட்சியில் மாதா, 'பதினைந்து நாள் இங்கே வரத் தயவு செய்வீர்களா?' என்றுதான் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை 'நீங்கள்' என்று! மறையுரை வைக்கும் சாமியாரிடம் இதை அவசியம் சொல். மார்ச் 25இல் மாதா தாம் யார் என்று சொன்ன 'நாமே அமல உற்பவம்' (பாவ மாசில்லாமல் கருவானவர்) என்ற சொற்களும் அவளுடைய ஊர்ப்பேச்சிலேயே வந்தவை. பொருள் புரியாமல், மறந்துவிடாதபடி வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பங்குக் குரு பெய்ரமாலிடம் போனாள்.

மாதா சுரூபத்துக்கு வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோஜா. காட்சியில் கிரீடம் கிடையாது. 1864இல் அங்கே வைத்த பளிங்குச் சிலையே பெர்னதெத்துக்குத் திருப்தி தரவில்லை. தான் கண்டவர் இன்னும் இளமையானவர் என்பாள். அதனால் கடையில் முகம் இளசாக இருப்பதையே எடு.

கட்டுமானத்தில் மூன்று இடத்தில்தான் தவறு நடக்கும். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல்லை அடுக்கிவிட்டு, நடுவே கம்பி, கோழிவலை வைத்து, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவை போட்டுப் பாறை வடிவம் எடுக்கலாம். ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். புதுச் சிமெண்டில் ஒரு மாதத்துக்குள் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரியும். திருவிழாவுக்கு இருபத்தாறு நாள்தான் இருப்பதால் கல் நிறமாகவே விட்டுவிடு. கூரைக்குப் பின்சரிவு கொடு, இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மாடக்குழிக்குள் கசியும். மெழுகுவர்த்தியை மட்டும் குகைக்குள் ஏற்ற விடாதே. மேற்கூரையும் மாதாவின் வெள்ளை உடையும் ஒரே வருடத்தில் கரியாகிவிடும். வெளியே ஆறடி தள்ளி, மணல் பரப்பிய இரும்புத் தட்டு வை. மெழுகு உருகி வழிந்தாலும் மணலோடு அள்ளிப் போட்டுவிடலாம்.

தண்ணீருக்கு மோட்டார் நீரூற்று வேண்டாம். பிப்ரவரி 25 காட்சியில் பெர்னதெத் கையால் தோண்டியபோது ஊற்றில் வந்தது சேறுதான். மூன்று முறை கொட்டிவிட்டு நான்காம் முறைதான் குடித்தாள். இடது மூலையில் ஒரு சிறு குழாய் போதும்.

ஏப்ரல் 16 அவளுடைய நாள். 1879இல் முப்பத்தைந்து வயதில், முழங்கால் எலும்பில் காசநோயோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் விட்டாள். அன்று நோயாளிகளைக் கெபிக்கு அழைத்து வந்து செபிக்க ஏற்பாடு செய்யலாம். சக்கர நாற்காலி ஏற, படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்.

மாடக்குழியின் ஆழம் எவ்வளவு என்று அளந்து எழுது. அதற்கேற்ற சுரூப அளவைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அந்தோணி